டைப்ரைட்டருக்குச் சீட்டுப் போட்ட குப்பம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு டைப்ரைட்டர் வந்தது. ஐந்து வரும் என்று எழுதியிருந்தார்கள். வந்தது ஒன்று. மீதி நான்கும் வழியில் இருப்பதாக மாவட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். நான் அந்தப் பள்ளியை விட்டுக் கிளம்பும்வரை அவை வழியிலேயேதான் இருந்தன.

பழவேற்காட்டை அடுத்த ஒரு மீனவர் குப்பத்தில், ஏரிக்கரையிலேயே இருந்த அரசுப் பள்ளி அது. நான் மீஞ்சூர்க்காரி. காலையில் ரயிலேறிப் பொன்னேரி, அங்கிருந்து பஸ், பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடை. ஆங்கில ஆசிரியையாக எழுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆறே மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன் என்று வீட்டில் சபதம் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒன்பது வருஷம் இருந்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அந்தக் குப்பத்து மனிதர்களுக்கும் அப்படித்தான். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் பள்ளியில் பதினோராம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் புதிதாகச் சேர்ந்திருந்தன. அதில் தொழிற்கல்வி என்று ஒரு பிரிவு. கல்வித் துறையிலிருந்து நீளமாக ஒரு சுற்றறிக்கை வந்தது. உலகம் மாறிக்கொண்டிருக்கிறது, வெளிநாட்டு வணிகம் பெருகுகிறது, அதற்குத் தக்கபடி கிராமத்துப் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. தலைமையாசிரியர் அதைக் காலை வழிபாட்டில் முழுக்கப் படித்தார். அவர் பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய முன்னோர்கள் கப்பல் வியாபாரம் செய்தவர்கள். வெளிநாட்டு வணிகம் என்ற சொல் வந்த இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு வெளிநாட்டு வணிகம் எப்போதோ வந்துவிட்டது. ஏரியில் பிடித்த இறால் ஐஸ் பெட்டியில் ஏறி, சென்னைக்குப் போய், கப்பலில் ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஏற்றுமதிக் கம்பெனி போட்ட ஷெட்டில் பெண்கள் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து இறாலுக்குத் தலை கிள்ளுவார்கள். ஒரு கைப்பிடி இறாலை அள்ளிப் பார்த்ததுமே இது எந்த அளவு, எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். "இத்த ஜப்பான்காரன் தொடமாட்டான்" என்று தூக்கி எறிவார்கள். உலகம் மாறிய செய்தி கடைசியாக வந்து சேர்ந்த இடம் எங்கள் பள்ளிக்கூடம்தான்.

வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காலத்தில் நான் டைப்ரைட்டிங் ஹையர் வரை முடித்திருந்தேன். அதைத் தெரிந்துகொண்ட தலைமையாசிரியர் தொழிற்கல்விப் பிரிவை என் தலையில் கட்டினார். பதினோராம் வகுப்பில் இருபத்துநான்கு பேர். மெஷின் ஒன்று. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கிய ஆறு பேருக்கு மட்டும் மெஷினில் பயிற்சி, மற்றவர்கள் அட்டையில் எழுத்துக்களை வரைந்து விரலை ஓட்டிப் பழகட்டும் என்று அவர் முடிவு செய்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் பள்ளி வாசலில் பத்துப் பன்னிரண்டு அப்பாக்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நாட்டார். அந்தக் குப்பத்தில் ஊர்த்தலைவரை அப்படித்தான் சொல்வார்கள்.

"இன்னா சார், மார்க்கு எடுத்தவனுக்குத்தான் மிஷினாமே?" என்றார் நாட்டார். "ஏரில கெட்டிக்காரனுக்கு மட்டுந்தான் எடம்னு நாங்க சொன்னா இந்த ஊரு இருக்குமா?"

தலைமையாசிரியர் எதுவோ விளக்கப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை. மெஷினுக்குப் பாடு போடவேண்டும் என்றார்கள்.

பாடு என்பது அவர்களுடைய முறை. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலதான் உண்டு. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலையை இறக்கினால் மண்டை உடையும். அதனால் ஊர்கூடிச் சீட்டுப் போடுவார்கள். சீட்டில் வந்த வரிசைப்படி ஒரு நாள் ஒருவருக்கு, மறுநாள் அடுத்தவருக்கு. எல்லோருக்கும் ஒரு சுற்று வந்தபிறகு மறுபடி முதலிலிருந்து. பணக்காரன், ஏழை, சாமர்த்தியசாலி, சோம்பேறி என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கு அந்த இடம் யாருடைய பாடோ அவருடையது, அவ்வளவுதான்.

"சரி, ஆளுக்கு ஒரு மணி நேரம் வச்சுக்கலாம்" என்று இறங்கிவந்தார் தலைமையாசிரியர்.

"ஒரு மணி நேரத்துல வலைய எறக்கி ஏத்தவே பத்தாது சார். ஒரு நாளுன்னா ஒரு நாளு" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார் நாட்டார்.

யார் என்ன சொன்னாலும் சரி, எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போனது. சிபாரிசுக் கடிதமும் சொந்தக்காரர் பேரும் வைத்து இடம் பிடிக்கிற பள்ளிகளையும் கல்லூரிகளையும் நான் பார்த்தவள். இங்கே வலைபோடுகிறவர்கள் ஒரு மெஷினுக்குச் சண்டையில்லாமல் வழி செய்கிறார்கள் என்று பூரித்துப்போய், நானே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாட்டார் ஒவ்வொரு பேராகச் சொன்னார். நான் சின்னச் சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிவந்து, கண்ணை மூடிக்கொண்டு சீட்டை எடுக்கச் சொன்னார்கள். அவள் எடுக்க எடுக்க, நான் வரிசையைக் கரும்பலகையில் எழுதினேன். எல்லோருக்கும் திருப்தி. எனக்கு ஒரு பெரிய வஞ்சிர மீனை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்கள்.

மறுநாள் மதியம் ஆசிரியர் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பதினோராம் வகுப்புதான். என் வகுப்பிலேயே அதிகம் சிரிக்காத பெண். நான் கரும்பலகையில் தப்பாக எழுதினால் கையைத் தூக்கிச் சொல்லிவிடுவாள், அதுவும் எல்லோர் முன்னாலும்.

"டீச்சர், சீட்டு நீங்கதான எழுதினீங்க?"

"ஆமா."

"எம்பேரு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு வகுப்புக்குப் போய்க் கரும்பலகையைப் பார்த்தேன். இருபது பேர். எல்லாம் பையன்கள். வகுப்பில் பெண்கள் நான்கு பேர். ஒருத்தி பேரும் இல்லை. ஏரியில் பாடு ஆண்களுக்குத்தான். நாட்டார் அந்த வழக்கப்படியே, பையன் படிக்கிற வீடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். அவர் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. இருபது சீட்டையும் என் கையால் எழுதி மடித்தவள் நான். ஒரு பெண், அதே மாதிரி மெஷினில் தட்டித் தேறியவள், ஒரு சீட்டில்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

வெட்கம் வந்தால் நான் பக்கத்தில் இருப்பவர்மேல் பாய்வேன். தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்கும் தோணலையேம்மா" என்றார். "இப்பப் போய்க் கேட்டா மொத்தத்தையும் கலைச்சிடுவாங்க. கொஞ்ச நாள் போகட்டும்." அவர் சொன்னது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். கரையில் கூட்டமாக நிற்கிற ஆண்களுக்கு நடுவில் போய்ப் பேச எனக்கு அப்போது தைரியம் இருக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இருக்க முடியாது. அவளுடைய அம்மா இறால் ஷெட்டில் வேலை செய்தார். அப்பா ஏரியில் வலைபோடுகிறவர். மூன்று பெண்கள், இவள் மூத்தவள். கம்பெனி ஏஜெண்ட், சென்னை ஆபீசுக்கு டைப்ரைட்டிங் லோயர் தேறிய ஒரு பெண் வேண்டும், பன்னிரண்டாவது முடித்ததும் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஒருநாள் அவளுடைய அம்மா, ஷெட் வாசலில் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என்னிடம் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார்: "மாசில மிஷின் பரீட்சையாமே டீச்சர். தேறினான்னா மேல படிக்கட்டும். தேறலன்னா நின்னுட்டு எங்கூட வந்து குந்தட்டும். மூணு பொண்ணுங்கள வச்சிகினு நான் இன்னா பண்றது?" அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏற்கெனவே அந்தப் பெண் பள்ளிக்கு வருவதற்கு முன் இரண்டு மணி நேரம் தலை கிள்ளிவிட்டுத்தான் வருவாள். ஐஸில் ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்து, இறால் கொம்பு குத்திய இடத்தில் சிவந்திருக்கும்.

அட்டையில் எழுத்துக்களை வரைந்து கொடுத்தேன். அதில் தட்டுவாள். எந்த விரல் எந்த எழுத்துக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் பத்தே நாளில் வந்துவிட்டது. ஆனால் அட்டை அமுங்குமா? மெஷினில் சுண்டுவிரலுக்கு வேண்டிய பலம் அட்டையில் வராது. அவளுக்கு அது தெரியும். பையன்களில் ஒவ்வொருவனும் அவனவன் நாளில் உட்கார்ந்து, தன் பேரையும் தனக்குப் பிடித்த நடிகர் பேரையும் அடித்துவிட்டுப் போவான். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்து ஏரிக்கு இறால் வந்தது. குப்பத்தில் ஓர் ஆண்பிள்ளையும் கரையில் இல்லை. பதினோராம் வகுப்பில் நாலு பெண்களும் இரண்டு மூன்று பையன்களும் நானும்தான் இருந்தோம். மெஷினுக்கு அன்றைக்குப் பாடு உள்ளவன் அப்பாவோடு படகில் இருப்பான். மெஷின் உறைபோட்டபடி கிடக்கும்.

முதல் நாள் அவள் என்னைப் பார்த்தாள். நான் உறையை எடுத்தேன்.

அந்த ஐப்பசியும் கார்த்திகையும் என் வாழ்க்கையின் நல்ல மாதங்கள். கூரையில் மழை கொட்டும். அவள் தட்டுவாள். மற்ற மூன்று பெண்களும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, இவளுக்கு மாசியில் பரீட்சை என்று விட்டுக்கொடுத்துவிட்டுப் போய் ஜன்னலில் மழை பார்ப்பார்கள். முதலில் கண்டபடி தப்பு. நான் திட்டுவேன். அவள் முறைப்பாள். பிறகு தப்பு குறைந்தது, வேகம் வந்தது. ஒருநாள் முழுப் பக்கத்தையும் ஒரு பிழை இல்லாமல் அடித்து, காகிதத்தை உருவி என் மேசையில் வைத்துவிட்டு, "இதுல ஒண்ணு கண்டுபிடிங்க பாப்போம்" என்றாள். கண்ணாடி போடாமல், போட்டு, இரண்டு முறை தேடினேன். கிடைக்கவில்லை. அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

மார்கழியில் இறால் ஓட்டம் குறைந்ததும் பையன்கள் திரும்பி வந்தார்கள். ஒருவன் தன் பாடு வந்த நாளில் வந்து பார்த்தால், மெஷினில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு வீட்டுக்குப் போயிற்று. அன்று சாயங்காலமே அம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. என்னையும் தலைமையாசிரியரையும் கூப்பிட்டனுப்பினார்கள். மணலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சற்றுத் தள்ளிப் பெண்கள் நின்றார்கள். அவளும் அம்மாவோடு நின்றாள். இவர்கள் மெஷினைப் பூட்டச் சொல்லிவிட்டால் மாசிக்கு ஒன்றரை மாதம்தான் இருக்கிறது என்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பையனின் அப்பா எழுந்து, "எம்பையன் பாட்டுல இன்னொருத்தர் எப்பிடி எறங்கலாம்? அதுவும் பொம்பளப் புள்ள. பொம்பளைக்குப் பாடு ஏது?" என்றார்.

நான் எழுந்தேன். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், "தப்பு என்மேல. சீட்டு எழுதினது நான். நாலு பேர விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. கோபக்காரி அழுதால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

அப்போது அந்தப் பெண்ணின் அப்பா எழுந்தார். ஒல்லியான மனிதர். அதுவரை அவர் நான்கு வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"நாட்டாரே, நான் இந்த ஊருல ஒரு தலைக்கட்டா இல்லியா?"

"இன்னாப்பா கேள்வி இது. தலைக்கட்டுதான்."

"திருவிழாவுக்கு என் வூட்டு வரி வாங்குறீங்க. ஏரில எனக்குப் பாடு குடுக்கிறீங்க. அப்ப தலைக்கட்டுக்கு ஒரு பாடுன்னா, இஸ்கூல் மிஷின்ல எனக்கு இன்னாத்துக்கு இல்ல? எனக்கு ஆம்பளப் புள்ள இல்லன்னு சொல்லி என்னிய ஊர உட்டுத் தள்ளிட்டீங்களா?"

தலைக்கட்டு என்றால் ஊரில் கணக்கில் உள்ள ஒரு குடும்பம். அதைத் தொட்டுவிட்டால் அந்தக் குப்பத்தில் யாரும் விளையாட்டாகப் பேசமாட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "அவன் கேக்கிறதுல இன்னா தப்பு?" என்று சத்தமாகவே சொன்னார்கள்.

நாட்டார் என் பக்கம் திரும்பினார். "தப்பு எங்களுதும்தான். இஸ்கூல் பாடுன்னா படிக்கிற புள்ள பேருதான் எழுதணும், ஆம்பள பொம்பள இன்னா. டீச்சர், நாலு பேரையும் சேத்து எழுதிக்குங்க." பிறகு புகார் சொன்னவரைப் பார்த்துத் திரும்பினார். "உம்பையன் வலைய எறக்காத நாள்ல அங்க நின்னுகினு இருந்தவங்க எறக்கினாங்க. ஏரிலயும் அதான பண்றோம்? அவன் ஒழுங்கா இஸ்கூலுக்குப் போவட்டும்."

அந்த இடத்திலேயே கூட்டம் கலைந்தது. திரும்பி வரும் வழியில் தலைமையாசிரியர், "எத்தனை சுற்றறிக்கை வந்தாலும் நம்மால இத எழுதி வாங்கியிருக்க முடியுமாம்மா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டே நடந்தேன்.

பரீட்சைக்குப் பொன்னேரியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பேசி, அவர்களுடைய ஆட்களோடு இவள் பேரையும் சேர்த்தோம். பரீட்சை வடசென்னையில் ஒரு பள்ளியில். மெஷினை அவரவர்தான் கொண்டுபோகவேண்டும். அவள் அப்பா, "நான் தூக்கிகினு வரேன்" என்றார். முதல் நாள் இரவு நான் அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். விடியுமுன் பழைய வலைத் துண்டால் மெஷினைச் சுற்றி, மேலே சாக்கைப் போட்டுக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்தார். பஸ்ஸில் மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் ஒத்துக்கொள்ளவே இல்லை. மடியிலேயே வைத்திருந்தார். ரயிலில் ஒருவர், என்ன பெரியவரே இது என்று கேட்டதற்கு, "எங்க ஊரு மிஷினு" என்றார்.

பரீட்சைக் கூடத்துக்கு வெளியே, வேப்பமர நிழலில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். மணி அடித்ததும் உள்ளே நாற்பது ஐம்பது மெஷின்கள் ஒன்றாகத் தட்ட ஆரம்பித்தன. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "இதுல எது நம்ம பொண்ணு டீச்சர்?" என்றார். எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். இருவரும் சத்தம் நிற்கும்வரை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தோம்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே பொறுக்காது. அவள் தேறினாள். பன்னிரண்டாவதும் படித்து முடித்து, ஏஜெண்ட் சொன்ன அந்த ஆபீசில் சேர்ந்தாள். அம்மா தரம் பிரித்துப் பெட்டியில் போட்ட இறாலுக்கு, ஜப்பானுக்குப் போகிற காகிதங்களை மகள் சென்னையில் உட்கார்ந்து அடித்தாள். அதெல்லாம் பிறகு நடந்தது. பரீட்சை அன்று திரும்பி வரும்போது நடந்ததைத்தான் நான் சொல்லவேண்டும்.

நான் மீஞ்சூரில் இறங்கிக்கொள்ளாமல் அவர்களோடு போனேன். பொன்னேரியில் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான், எதிர் சீட்டில் மடியில் மெஷினோடு அவர். மீன் கூடையோடு ஏறிய குப்பத்துக்காரர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டுத் திகைத்தார்.

"இன்னாப்பா, நீ இங்க கீற? இன்னிக்கு உம்பாடாச்சே? மழைக்கப்புறம் இன்னிக்குத்தான் எறா தாறுமாறாப் பட்டுதாம். உன் எடம் சும்மாவே கெடந்துச்சு, பக்கத்துல இருந்தவன் எறக்கிட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வீட்டுக்கு நல்ல இடத்தில் ஒரு பாடு தவறுவது என்றால் என்ன என்று அதற்குள் எனக்குத் தெரியும். "ஏண்ணா சொல்லல? நான் தனியாவே கூட்டிட்டுப் போயிருப்பேனே! மெஷினுக்கு ஒரு கூலிய பிடிச்சிருப்பேனே!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் டீச்சர்" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி. "நைனா கேக்கல."

அப்படியானால் காலையிலிருந்து அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உள்ளே உட்கார்ந்து அடித்திருக்கிறாள்.

அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறவர்போலச் சிரித்தார். "எம்பாடு சுத்திகினு திரும்ப வந்துரும் டீச்சர். இவ இன்னிக்கு உட்டா நாளைக்கு ஷெட்டுல குந்தணும்" என்றார்.

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. கையை நீட்டி, கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்கிறேன் என்று மெஷினைக் கேட்டேன். அவருக்குக் கொடுக்க மனமில்லை. மகள் ஒரு பார்வை பார்த்தபிறகுதான் என் மடிக்கு மாற்றினார்.